வல்வில் ஓரியின் ஒற்றை அம்பு

வில் என்றால் நம்ம பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது அர்ச்சுனன்தான். துரோணர் மரக்கிளையில் வைத்த பொம்மைப் பறவை, மற்ற இளவரசர்களுக்கு மரமும் இலையும் தெரிய, அர்ச்சுனனுக்கு மட்டும் பறவையின் கண் தெரிந்த கதை. சமய வகுப்புக்குப் போன யாரும் இதைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. நல்ல கதைதான். ஆனால் நம் தமிழ் மண்ணிலேயே வில்லைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒருவன் வாழ்ந்திருக்கிறான். அவனைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறோம்.

கடையேழு வள்ளல்கள் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீங்க. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். அந்த வரிசையில் கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டே ஒப்பிக்கிற பெயர் ஓரி. அந்த ஓரிதான் இவன். வலிமையான வில்லை உடையவன் என்பதால் வல்வில் ஓரி. புறநானூறு அவனை ஆதன் ஓரி என்றும் சொல்கிறது.

ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பு கொல்லிமலையை ஆண்டவன் ஓரி. இன்றைக்கு அது தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பெரிய கட்டி மாதிரி, 1000 மீட்டருக்கும் மேலே எழுந்து நிற்கிற மலை. பலா, தேன், மிளகு என்று இன்றும் வளம் குறையாத இடம். அவன் வாழ்க்கையை யாரும் முதலிலிருந்து கடைசி வரை எழுதி வைக்கவில்லை. வன்பரணர், பரணர், கபிலர், கல்லாடனார், கழைதின் யானையார், நல்லூர் நத்தத்தனார் என்று பல புலவர்கள் ஆளுக்கொரு துண்டாக விட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் அவன் கொடையைச் சொல்வார், ஒருத்தர் அவன் சாவைச் சொல்வார். இன்னொருத்தர் காதலைப் பாட வந்தவர். தலைவியின் கூந்தல் எப்படி மணக்கிறது என்றால், ஓரியின் காடு போல மணக்கிறதாம்! குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பரணர் இப்படிப் பாடியிருக்கிறார். ஒரு தலைவனின் காடு, பெண்ணின் கூந்தலுக்கு உவமையாகும் அளவுக்குப் பேர் வாங்கியிருந்தது என்றால், அந்தக் காட்டை அவன் எப்படி வைத்திருந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் துண்டுகளிலேயே பெரிய துண்டு, புறநானூற்றில் 152-ஆவது பாட்டு. பாடியவர் வன்பரணர். அதில் ஒரு முழுச் சம்பவமே இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பாணர் கூட்டம் ஒன்று, முழவும் யாழும் மற்ற வாத்தியங்களும் தூக்கிக்கொண்டு, பரிசு தருபவரைத் தேடிக் காட்டுவழியே நடந்து போகிறது. கூட்டத்தில் விறலியரும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பசி. அப்போது அவர்கள் கண்ணெதிரே ஒரு வேட்டை நடக்கிறது. ஒரு வேடன் விட்ட அம்பு ஒரு யானையைச் சாய்க்கிறது. யானையோடு நிற்கவில்லை. வாயைப் பிளந்த ஒரு புலியையும் கொல்கிறது. அதையும் தாண்டி ஒரு புள்ளிமானை உருட்டுகிறது. பிறகு ஒரு காட்டுப்பன்றி. கடைசியில் பக்கத்துப் புற்றுக்குள் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நிற்கிறது. ஒரே அம்பு. ஐந்து உயிர்.

புலவர் அந்த ஆளைப் பார்க்கிறார். கூலிக்கு வேட்டையாடுகிறவன் மாதிரி தெரியவில்லை. மார்பில் ஆரம், நல்ல செல்வக் களை. ஒருவேளை இவன்தான் ஓரியோ, இல்லை வேறு யாரோ என்று மனசுக்குள் குழப்பம். எதற்கும் பாடிப் பார்ப்போம் என்று விறலியரைக் கூப்பிட்டுப் பண் எழுப்பச் சொல்கிறார். முழவு முழங்குகிறது, யாழ் மீட்டப்படுகிறது. இருபத்தொரு பாடல்துறைகளையும் முறையாகப் பாடி முடிக்கிறார்கள். முடிவில் கோ என்று, அதாவது தலைவனே என்று, சொல்கிறார்கள். அது தன்னைக் குறிக்கிற சொல் ஆயிற்றே, அந்த ஆளுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. நாடு நாடாகச் சுற்றி வருகிறோம், உனக்கு ஒப்பான வேட்டுவன் எங்கேயும் இல்லை என்று இவர்கள் பேச்சை எடுத்ததும், வேண்டியதைக் கேட்கும் வரைக்கும்கூட அவன் விடவில்லை. வேட்டையாடிய மான் இறைச்சியைச் சுடச் சுடக் கொடுத்தான், உருக்கிய நெய் மாதிரியான கள்ளைக் கொடுத்தான். போதாததற்குத் தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் கலந்து, இந்தாருங்கள் என்று அங்கேயே, காட்டு வழியிலேயே அள்ளிக் கொடுத்துவிட்டான்.

இதுதான் பாட்டு. இப்போது நம்ம இளைஞர்கள் முதலில் கேட்கிற கேள்வி தெரியும். ஒரு அம்பு ஐந்து மிருகத்தைத் துளைக்குமா? துளைக்காது. நல்ல கனமான வில்லிலிருந்து வரும் அம்பு ஒரு மானை ஊடுருவி அந்தப் பக்கம் போவது உண்டு. வில் வேட்டை தெரிந்தவர்கள் அதைச் சொல்வார்கள். யானை, புலி, மான், பன்றி என்று நாலையும் தாண்டிப் புற்றுக்குள் போவது புலவரின் கைவண்ணம். அதில் நமக்கு வருத்தம் வேண்டாம். புகழ்ந்து பாட வந்தவர் புகழத்தான் செய்வார். எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது வேறொன்று. அம்பு போன வழி முழுக்கச் சொல்கிற வன்பரணர், அதை விட்டவன் எப்படிக் குறி பார்த்தான் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கண்ணை இடுக்கினான், மூச்சைப் பிடித்தான், அசையாமல் நின்றான் என்று எதுவும் கிடையாது. வில் இருக்கிறது, அம்பு இருக்கிறது, விழுந்து கிடக்கும் மிருகம் இருக்கிறது. குறி பார்த்த அந்த நிமிஷம் மட்டும் பாட்டில் இல்லை.

புலவர் மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. பார்ப்பதற்கு அப்படி ஒரு நிமிஷமே இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. வல்வில் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கனமான வில்லை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்க முடியாது. 1545-இல் கடலில் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து எடுத்த பழைய விற்களை ஆராய்ந்தவர்கள், அவற்றை இழுக்க 100 பவுண்டுக்கும் மேல் பலம் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இன்றைய ஒலிம்பிக் ஆண் வீரர் இழுப்பது ஏறத்தாழ 45, 50 பவுண்டுதான். அப்படிப்பட்ட பலமான வில்லை இழுத்தால், இழுத்த மாத்திரத்தில் விட்டாக வேண்டும். தோளும் முதுகும் அதற்கு மேல் அவகாசம் தராது. காட்டு மிருகமும் தராது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

அப்படியென்றால் குறி பார்த்தது யார்? கையும் கண்ணும்தான். இன்றைய வில்வித்தைப் பயிற்சியாளர்கள் இதைத்தான் வெளிமனம், ஆழ்மனம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். வெளிமனம் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் ஒழுங்காகப் பார்க்கும். நிற்பது, பிடிப்பது, இழுப்பது, தாடைக்குக் கீழே கையைக் கொண்டுவந்து நிறுத்துவது, முதுகுத் தசையை இறுக்குவது, விரலைத் தளர்த்துவது என்று இத்தனையையும் ஒரே நேரத்தில் அதன் தலையில் கட்டினால் திணறிப் போகும். ஆயிரக்கணக்கான தடவை செய்து செய்து உடம்புக்குள் இறங்கிப்போன வேலையை ஆழ்மனம் சத்தமில்லாமல் செய்துவிடும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பால்மரம் வெட்டுகிற நம்ம பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன்னாலே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரம். உளி பட்டையில் கொஞ்சம் மேலாகப் போனால் பால் குறையும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், கங்காணி கத்துவார். இடையில் இருப்பது மில்லிமீட்டர் கணக்கு. பாட்டி அளந்தா வெட்டினார்? வாய் பக்கத்து நிரையில் இருக்கிற ஆளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், உளி தன் பாட்டுக்குச் சரியான ஆழத்தில் போய்க்கொண்டிருக்கும். கிளேபாங் கடற்கரையில் லாஸ்திக்கில் காலி டின்னை அடிக்கிற பையனும் அப்படித்தான். கண் டின்னைப் பார்க்கும், கை எவ்வளவு தூக்க வேண்டும் என்று தானாகத் தெரிந்துகொள்ளும். எப்படி அடித்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சொல்லிக்கொண்டே அடிக்கச் சொன்னால், கட்டாயம் தவறவிடுவான்.

திருமுறைப் போட்டியிலும் இதைப் பார்த்திருக்கலாம். வீட்டில் சாம்பார் தாளிக்கும் சத்தத்துக்கு நடுவிலும் தடங்கலில்லாமல் பாடுகிற பிள்ளை, மேடையில் ஏறியதும் அடுத்த வரி என்ன, அடுத்த வரி என்ன என்று மனசுக்குள் தேட ஆரம்பிக்கும். அவ்வளவுதான், நின்றுவிடும். பதிகம் மறக்கவில்லை. ஆழ்மனம் வைத்திருந்த பொருளை வெளிமனம் கையை விட்டுத் துழாவியது, அதனால் சிக்கிக்கொண்டது. வில்லாளிகளுக்கு இது ஒரு நோயாகவே வருகிறது. குறி நடுவில் வந்ததும் பயம் பற்றிக்கொள்ளும். சிலருக்கு விரல் விடாது, சிலருக்கு நடுவுக்கு வருவதற்கு முன்பே விட்டுவிடும். பெரிய பெரிய வீரர்களே இதனால் வில்லைக் கீழே வைத்திருக்கிறார்கள். மருந்து என்ன தெரியுமா? குறிப்பலகையையே எடுத்துவிடுவார்கள்! வைக்கோல் கட்டுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, நாள்கணக்கில் வெறுமனே இழுத்து விடச் சொல்வார்கள். எங்கே படுகிறது என்ற கவலை இல்லாதபோது உடம்பு தன் வேலையை மறுபடி கற்றுக்கொள்ளும்.

அர்ச்சுனனுக்கும் இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது, பறவைக் கதையைப் போல இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காற்றில் விளக்கு அணைந்துவிடுகிறது. இருட்டிலும் தன் கை தவறாமல் வாய்க்குப் போவதை அவன் கவனிக்கிறான். பழக்கம் என்றால் இதுதானே என்று தோன்றவே, அன்றிலிருந்து இருட்டிலேயே அம்பு விட்டுப் பழகுகிறான். மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் இருக்கிறது இது. என்னைக் கேட்டால் பறவையின் கண்ணைவிட இந்தச் சோற்றுக் கவளம்தான் பெரிய பாடம். கண் ஒன்றையே பார்க்கலாம், ஆனால் கை பழகாமல் பார்த்து என்ன பிரயோசனம்?

ஜப்பானில் அவா கென்சோ என்று ஒரு வில்லாசான் இருந்தார், 1939-இல் இறந்தார். செண்டாய் நகரில் அவரிடம் வில் கற்ற ஜெர்மன் பேராசிரியர் ஒருவருக்கு, குறி பார்க்காமல் எப்படி அடிப்பது என்று புரியவே இல்லை. ஒரு ராத்திரி ஆசான் இருட்டுக்குள் இரண்டு அம்பு விட்டார். முதல் அம்பு நடுவில் தைத்திருந்தது, இரண்டாவது அம்பு முதல் அம்பின் தண்டைப் பிளந்திருந்தது. உலகம் முழுக்கப் பரவிய கதை. ஆனால் இரண்டாவது அம்பு தற்செயல்தான் என்று ஆசானே பிற்பாடு சொல்லிவிட்டாராம். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஓரிக்கும் அப்படி ஒரு வாய்ப்பு இருந்திருந்தால், புற்றில் இருந்த உடும்பைப் பற்றி என்ன சொல்லியிருப்பானோ!

இதைப் படித்துவிட்டு, அப்போ மனசை ஒருமுகப்படுத்தவே வேண்டாமா என்று கேட்காதீங்க. வெளிமனத்துக்கும் வேலை உண்டு, ஒரே ஒரு வேலை. எதை அடிப்பது என்று முடிவு செய்து, அங்கேயே நிற்பது. மிருகத்தை முழுசாகப் பார்க்கக் கூடாது, அதன் மேல் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும் என்பது வேட்டை வில்லாளிகளின் பாலபாடம். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் நிற்கிற பலகையின் குறுக்களவு 122 சென்டிமீட்டர், நடுவில் பத்து மதிப்பெண் வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். வீரர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். விடுகிற நேரத்தை அவர் முடிவு செய்வதில்லை. வில்லில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அம்பு போதுமான அளவு பின்னுக்கு வந்ததும் அது டிக் என்று தட்டும், கை தானாக விட்டுவிடும். யோசித்து விடுவதைத் தடுக்கவே ஒரு கருவி! ராஜஸ்தானில் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லால் குருவி வேட்டையாடி வளர்ந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக வில் பிடித்தார். ஓரியின் காட்டுப் பள்ளிக்கூடமும் அதே மாதிரிதான் இருந்திருக்க வேண்டும்.

ஓரியின் கதைக்கே திரும்புவோம், அவனுடைய மற்றக் கையைப் பற்றி இன்னும் பேசவில்லை. கொடுக்கிற கை. வில்லை விடுகிற கையும் கொடுக்கிற கையும் அவனுக்கு ஒரே பழக்கத்தில் வேலை செய்தது போல இருக்கிறது. பாணர்கள் கேட்டு முடிக்கும் வரை அவன் காத்திருக்கவில்லை என்று பார்த்தோமே. இவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம், நாளைக்கு நமக்கு வேண்டுமே என்கிற கணக்கு அங்கேயும் இல்லை. புறநானூற்றின் அடுத்த பாட்டிலும் வன்பரணர்தான் பேசுகிறார். ஓரி நாள்தோறும் யானைகளைக் கொடுக்கிறவன். குளத்தில் பூக்காத குவளையை, அதாவது மணி பதித்துச் செய்து வெள்ளி நாரில் கோத்த குவளை மாலையை, நகைகளோடும் யானைகளோடும் அவனிடம் வாங்கிக்கொண்டு வந்த கூத்தர்கள், பசி தீர்ந்துபோனதால் ஆடவும் பாடவுமே மறந்துவிட்டார்களாம். கலைஞனுக்குச் சாப்பாடு போட்டால் வேலை செய்ய மாட்டான் என்று சொல்கிற முதலாளிகளுக்கு இந்தப் பாட்டு இனிக்கலாம். புலவர் சொன்னது என்னவோ கொடையின் அளவைத்தான். சிறுபாணாற்றுப்படை, குன்றுகள் நிறைந்த நல்ல நாட்டையே அவன் கூத்தருக்குக் கொடுத்தான் என்கிறது.

கழைதின் யானையார் பாடிய பாட்டு இன்னும் நுட்பமானது. பிச்சை கேட்பது இழிவு, இல்லை என்பது அதைவிட இழிவு. கொடுப்பது உயர்வு, கொடுத்ததை வேண்டாம் என்பது அதைவிட உயர்வு என்று தொடங்கி, பரிசு கிடைக்காமல் போனாலும் உன்னை நோகமாட்டேன், நான் புறப்பட்ட நேரத்தைத்தான் நோவேன் என்று ஓரியிடமே சொல்கிறார். நேரே முகத்தைப் பார்த்து இப்படிப் பேச ஒரு புலவருக்கு இடம் கொடுத்தவன் அவன்.

இவ்வளவு பேர் எடுத்தவனுக்கு முடிவு நல்லதாக இல்லை. திருக்கோவலூர்ப் பக்கத்தில் முள்ளூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி அவனோடு போருக்கு வந்தான். காரியும் ஏழு வள்ளல்களில் ஒருவன். இதைத்தான் நம்மவர்கள் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். வில்லன் ஒருத்தன் வந்து நல்லவனைக் கொன்றான் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பேரும் கொடுத்துக் கொடுத்துப் பெயர் வாங்கியவர்கள், ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். காரி ஏறிய குதிரையின் பெயரும் காரி, ஓரி ஏறிய குதிரையின் பெயரும் ஓரி என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. அந்தப் போரில் ஓரி கொல்லப்பட்டான். காரி கொல்லிமலையைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூற்றில் கல்லாடனார் இதைச் சொல்கிறார்.

ஒரு அம்பால் ஐந்தை வீழ்த்தியவனுக்கு, அன்றைக்கு ஏன் வில் உதவவில்லை? காட்டில் மறைந்து நின்று விடுகிற அம்பு வேறு, குதிரையும் தூசியும் கூச்சலுமான போர்க்களம் வேறு. எவ்வளவு பழகிய கையும் எல்லா இடத்திலும் வெல்லும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதை மறைத்துவிட்டு ஓரியின் கதையைச் சொல்வது அவனுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

ஓரியைக் கொன்ற பிறகு காரி அவனுடைய ஊரின் பெரிய தெருவுக்குள் நுழைந்தான். அப்போது ஊர் முழுக்க எழுந்த கூச்சலைக் கபிலர் கேட்டிருக்க வேண்டும், இல்லை கேட்டவர்கள் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். நற்றிணையில் ஒரு காதல் பாட்டில், பரத்தை ஒருத்தி தெருவில் வந்ததும் ஊர் கொந்தளித்ததற்கு அந்தக் கூச்சலைத்தான் உவமையாகச் சொல்கிறார். சும்மா உவமைக்கு எடுத்துப் போடும் அளவுக்கு அந்தச் சத்தம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. ஓரியைத் தன் ஊர்க்காரர்கள் எப்படி நேசித்தார்கள் என்பதற்கு, யானை கொடுத்த பாட்டுகளைவிட இந்த ஒரு வரிச் செய்தி எனக்குப் பெரிய சாட்சியாகப் படுகிறது.

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலைக் கட்டியவன் ஓரிதான் என்று மலை மக்கள் சொல்வார்கள். செம்மேட்டில் குதிரை மேல் இருக்கிற அவன் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அங்கே அரசு விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டியும் வைக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து நாமக்கல் பக்கம்தான். ஊருக்குப் போகும்போது கோயில், துணிக்கடை என்று போகிற நேரத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் தலை சுற்றுகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்க. ஆடியில் போனால், வில்லோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம். அம்பைப் பார்க்காதீங்க, விடுவதற்கு முன்னால் அவர்கள் முகத்தைப் பாருங்க.